சேக்கிழார் செய்த வீண் வேலை

குன்றத்தூர்க்காரரான சேக்கிழார், சுந்தரரின் திருத்தொண்டத்தொகையையும் நம்பியாண்டார் நம்பியின் அந்தாதியையும் கரைத்துக் குடித்துவிட்டுத்தான் பெரியபுராணம் பாடினார். 12ஆம் நூற்றாண்டில் விக்கிப்பீடியா இல்லை, பாவம்! இன்றைய மாணவருக்கு அந்தச் சிரமமில்லை. பல்லாவரத்தில் ஏறிய பஸ் குன்றத்தூர் சேர்வதற்குள் சேக்கிழார் பற்றிய ஆய்வுக் கட்டுரை தயார். உபதலைப்புக்குப் பக்கத்தில் ‘தொகு’, பத்தி நடுவே ‘மேற்கோள் தேவை’ எல்லாம் அப்படியே ஸ்பைரல் பைண்டிங்கில் ஏறிவிடுகின்றன.

என்னையே ஆதாரமாகக் காட்டாதீர்கள் என்று விக்கிப்பீடியாவே சொல்கிறது. பக்கத்தின் அடியில் மேற்கோள் பட்டியலும் தருகிறது. அதைப் பிடித்துக்கொண்டு நூலகம் போனால் ஆய்வு தொடங்கும். ஆனால் அதற்குள் பேராசிரியர் ‘நன்று’ போட்டுவிடுகிறார். அவர் சரிபார்த்ததும் அதே பக்கத்தில்தான்.