தென்கிழக்கே கொஞ்சம் திருப்பு

எங்கள் பக்கத்தில் அந்தக் காலத்தில் டி.வி. வாங்கியவர்களுக்குப் பணத்துக்கு அடுத்தபடி தெரிந்திருக்க வேண்டியது திசை. பட்டுக்கோட்டைக்குத் தெற்கே, கடலை ஒட்டிய ஊர். மேற்கே சுமார் 200 கிலோமீட்டரில் கொடைக்கானல் மலை. தென்கிழக்கே, பாக் நீரிணைக்கு அப்பால், கொக்காவில். 1982 பிப்ரவரியில் தொடங்கிய இலங்கை ரூபவாஹினியை அந்நாட்டின் வடக்குப் பகுதிக்கு அஞ்சல் செய்ய அங்கே ஒரு கோபுரம் நின்றது. வன்னி மக்களுக்காக அனுப்பிய படம், தண்ணீரைத் தாண்டி எங்கள் வயல்காட்டிலும் வந்து விழுந்தது. நடுவில் மறிக்க மலையும் கிடையாது, மேடும் கிடையாது. கொடைக்கானல் கோபுரம் 80-களின் பிற்பாதியில்தான் வந்தது. அதுவரை எங்கள் கூடத்தில் சிங்களச் செய்தி ஓடியது. ஒரு வார்த்தை புரியாமல் கடைசிவரை பார்ப்போம். தமிழ்ச் செய்தி என்றால் திண்ணைவரை கூட்டம் நிற்கும்.

சவுக்குக் கழியின் உச்சியில் அலுமினிய ஆண்டனா, அதற்குக் கீழே பூஸ்டர், அங்கிருந்து ஓட்டுக்கு மேலாக இறங்கும் தட்டை ஒயர். பழுது பார்க்க ஆள்கட்டு வேண்டும். கழியைத் திருப்பச் சித்தப்பா, முற்றத்தில் நின்று சேதியைக் கடத்த நான், பெட்டிக்கு முன்னால் அக்கா. திண்ணையில் ஒரு தாத்தா. அவர் வேலை எதுவும் செய்யமாட்டார், அபிப்பிராயம் சொல்வார்.

“வருதா?”

“ஈ பறக்குது சித்தப்பா!”

“இப்ப?”

“ஆளு தெரியுது. தலை ரெண்டா இருக்கு!”

“எந்தத் தலை நல்லாருக்குன்னு பாத்துச் சொல்லு, அதுக்குத் திருப்புறேன்.”

நேராக வரும் அலையும், எதிலாவது மோதிக் கொஞ்சம் பிந்தி வரும் அலையும் சேர்ந்து விழுந்தால் இப்படித் தலை இரண்டாகும். கோடை இராத்திரிகளில் படம் கண்ணாடியாக வரும். “காத்து நம்ம பக்கம்” என்பார் தாத்தா. பாதி சரிதான்: கடல்மேல் குளிர்ந்த ஈரக்காற்றும் அதன்மேல் சூடான காற்றும் படிந்து நின்றால், மேலே தப்பிப்போக வேண்டிய அலை அந்த இடுக்கில் மாட்டிக்கொண்டு வெகுதூரம் ஓடிவரும்.

1990-இல் ஒருநாள் தென்கிழக்குப் படம் அடியோடு நின்றது. சித்தப்பா ஒயரை மாற்றினார், பூஸ்டரை மாற்றினார், கழியை இன்னும் உயரமாக நட்டார். கொக்காவில் முகாம் போரில் விழுந்து, கோபுரமும் போய்விட்டதைப் பேப்பர் சொன்ன பிறகுதான் கழியை மேற்கே திருப்பினார். அக்கரையில் எத்தனை பேர் செத்தார்கள் என்ற கணக்கு பிறகு வந்தது. எங்கள் வீட்டில் யுத்தம் முதலில் ஈ பறப்பதாகத்தான் தெரிந்தது.

அப்புறம் கேபிள், அதற்கப்புறம் டிஷ். நிறுவனத்து ஆள் ஒரு கருவியை வைத்துக்கொண்டு மொட்டைமாடியில் தனியாக நின்று, யாரையும் கூப்பிடாமல், கீழே ஒரு குரல்கூடக் கேட்காமல் வேலையை முடித்துவிட்டுப் போனார். மறுபடியும் தென்கிழக்குதான்! 93.5 பாகையில் நிற்கும் செயற்கைக்கோளை எங்கள் ஊரிலிருந்து பார்க்க வேண்டுமானால் அக்னி மூலையில் அண்ணாந்து பார்க்க வேண்டும். சுமார் 36,000 கிலோமீட்டர். படத்தில் ஒரு புள்ளி கிடையாது. தலை ஒன்றுதான்.

2010 ஜூலை 7-ஆம் தேதி, அந்த இடத்தில் நின்ற இன்சாட்-4பி-யின் இரண்டு சூரியத் தகடுகளில் ஒன்றிலிருந்து மின்சாரம் வருவது தடைப்பட, அதன் டிரான்ஸ்பாண்டர்களில் பாதியை அணைக்க வேண்டியதாயிற்று. பக்கத்து வீட்டு மாமா ஸ்பானரோடு மாடி ஏறினார். செயற்கைக்கோளைச் சரிசெய்கிற தோரணை. நியாயம்தான், ஏறிப் பழகிய கால். திரும்பி வரும்போது அவர் டிஷ் எந்தக் கோளையும் பார்க்கவில்லை, தென்னந்தோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தது. மழை என்றால் கேட்கவே வேண்டாம். கே.யு. பேண்ட் அலைக்குக் கனமழை ஆகாது. புயல் எங்கே இருக்கிறது என்று தெரிந்தாக வேண்டிய நேரமாகப் பார்த்து ‘சிக்னல் இல்லை’ என்று எழுத்து வரும். 2018 நவம்பரில் கஜா புயல் எழுத்துக்குக்கூட இடம் வைக்கவில்லை. விடிந்ததும் பார்த்தால் எங்கள் டிஷ் சம்பா வயலில் மல்லாந்து கிடக்கிறது. தோப்பே சாய்ந்து கிடக்க, அதை எடுக்க யாரும் போகவில்லை. வாரக்கணக்கில் கரண்டும் இல்லை.

இப்போது வந்திருப்பது இரட்டைப் பிறவி. ஒரே பெட்டி, டிஷ்ஷிலிருந்து சேனல் எடுக்கும், வீட்டு வை-ஃபையிலிருந்து படம் எடுக்கும். முதலாவது ஒழுங்காக வந்தது. இரண்டாவதுக்குப் போனால் ‘இணைக்கப்பட்டது, இன்டர்நெட் இல்லை’. அதே இடத்தில் உட்கார்ந்து போனில் பார்த்தால் நெட் பிய்த்துக்கொண்டு ஓடுகிறது. டிஷ் நிறுவனத்துக்குப் போன் போட்டால் நெட்டைச் சொன்னார்கள். நெட் நிறுவனம் பெட்டியைச் சொன்னது. இருவரும் ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொன்னார்கள், அதில் மட்டும் ஒற்றுமை. பாஸ்வேர்டை ரிமோட்டால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டுவதற்குள் உலை கொதித்து, சோறு வடித்தாகிவிட்டது.

நெட் கம்பி மின்கம்பத்து வழியாக வருவதால் ரவுட்டர் தெருப்பக்கத்து நடையில் இருக்கிறது. கூடம் அதற்கு அடுத்தது. நடுவில் தாத்தா காலத்துச் செங்கல் சுண்ணாம்புச் சுவர், அதில் சாய்த்த இரும்பு பீரோ. வானத்திலிருந்து 36,000 கிலோமீட்டர் வந்தது கூடத்துக்கு வந்துவிட்டது. நடையிலிருந்து வர வேண்டியது பீரோவில் முட்டி நின்றது. 5 கிகாஹெர்ட்ஸ் அலைக்குத் தடித்த சுவர் ஆகாது. இதற்காகவே திருச்சியிலிருந்து வந்த மருமகன் பழைய ரவுட்டர் ஒன்றைக் கூடத்தில் வைத்து, உத்தரத்தோடு கம்பி இழுத்து இணைத்துவிட்டுப் போயிருந்தார்.

கடைசியில் உள்ளூர் நெட் தம்பி வந்தார். இருபத்தைந்து வயது இருந்தால் அதிகம். லேப்டாப்பை மடியில் வைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“அண்ணே, வீட்டுல ரெண்டு பேரு நம்பர் குடுக்குறாங்க.”

வை-ஃபைக்குள் நுழையும் ஒவ்வொரு கருவிக்கும் ரவுட்டர் ஓர் எண் கொடுத்து, வெளியே போக வழி காட்ட வேண்டும். இங்கே இரண்டு ரவுட்டரும் 192.168.1.1 என்று தங்களுக்கு ஒரே எண்ணை வைத்துக்கொண்டு, வருகிறவர்களுக்கெல்லாம் எண் வழங்கிக்கொண்டிருந்தன. கல்யாணப் பந்தியில் பரிமாறத் தெரிந்தவர் ஒருவர், தெரியாதவர் ஒருவர், இரண்டு பேரும் ஆளைப் பிடித்து உட்கார வைத்தால் என்ன ஆகும்? எங்கள் பெட்டிக்கு இலை விழுந்துவிட்டது. சாம்பார் அந்த வரிசைக்கு வரவே வராது. போன் முதல் ரவுட்டரிடம் எண் வாங்கியதால் பிழைத்தது. தம்பி இரண்டாவதன் எண்ணை 192.168.1.2 என்று மாற்றி, எண் கொடுக்கும் டி.எச்.சி.பி. வேலையைப் பிடுங்கிவிட்டு, அதிலிருந்து பெட்டிக்கு ஒரு கம்பியும் சொருகினார். யாரும் கத்தவில்லை, யாரும் ஓட்டின்மேல் ஏறவில்லை. காபி ஆறுவதற்குள் முடிந்தது. இவ்வளவு சுலபமாகச் சரியானதில் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். என் பங்குக்குச் செய்ய அதில் ஒரு வேலைகூட இல்லையே. அபிப்பிராயம் சொல்லலாம் என்றால் திண்ணையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கார் நிறுத்துகிறோம்.

தம்பி போன பிறகு அம்மா வந்து, பெட்டியின் பின்னால் தொங்கிய கம்பிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

“எதுக்குடா இத்தனை? எனக்குத்தான் சீரியல் பாட்டுக்கு வந்துக்கிட்டு இருந்துதே.”