காஸ்ட்யூம் மிஸ்

பள்ளி ஆண்டு விழாவில் மைக் பிடிக்க ஆளுக்குப் பஞ்சமில்லை. தாளாளர் பேசுவார், தலைமையாசிரியர் ஆண்டறிக்கை வாசிப்பார், சிறப்பு விருந்தினர் தாம் படித்த காலத்துப் பெஞ்சை நினைத்துக் கண் கலங்குவார். நாட்டிய நாடகம் முடிந்ததும் பாட்டு மிஸ், டான்ஸ் மாஸ்டர், தமிழ் ஐயா மூவருக்கும் பொன்னாடை போர்த்துவார்கள். அந்த நேரத்தில் மேடைக்குப் பின்னால், உதட்டில் நாலு ஊக்கைக் கவ்விக்கொண்டு, விழுகிற பொன்னாடைகளை எண்ணிக்கொண்டிருப்பார் ஓர் அம்மையார். மூன்று பொன்னாடை. அடுத்த வருடம் மூன்று சேடிப் பெண்களுக்கு மேலாக்கு ஆயிற்று. அவர்தான் காஸ்ட்யூம் மிஸ்.

எல்லா ஊரிலும் இருக்கிறார். எனக்குப் பழக்கம் மதுரைக் கிளை. பெரும்பாலும் கணக்கு டீச்சராக இருப்பார். என்றோ ஒரு சரஸ்வதி பூஜைக்குக் கொஞ்சம் எடுப்பான சேலை கட்டி வந்ததுதான் அவர் செய்த குற்றம். “டீச்சர், உங்களுக்கு டிரஸ் சென்ஸ் இருக்கு” என்று தலைமையாசிரியர் ஒரு வார்த்தை சொன்னார். ஆயுள் தண்டனைகூட ஒருநாள் முடியும்; இந்தப் பொறுப்பு பணி ஓய்வு வரைக்கும்.

இந்த வருடம் சிலப்பதிகாரம். பாட்டும் ஆட்டமுமாக நாற்பது நிமிடம். மேடை ஏறுகிற பிள்ளைகள் 62 பேர், ஒதுக்கிய தொகை 15,000 ரூபாய். கணக்கு டீச்சர் அல்லவா, தாளை வாங்கியவுடனே வகுத்துவிட்டார்: தலைக்கு 242 ரூபாய்கூடத் தேறவில்லை. தாளாளரோ சின்ன வயதில் ஆர்.எஸ். மனோகரின் ‘இலங்கேஸ்வரன்’ பார்த்து வாயைப் பிளந்தவர். “செலவைப் பத்திக் கவலப்படாதீங்க, நல்லா கிராண்டா இருக்கணும்” என்றார். அதாவது, செலவைப் பற்றி அவர் கவலைப்பட மாட்டார்.

நாடகத்துக்கு ஆள் பொறுக்குவது டான்ஸ் மாஸ்டர் என்று ஊர் நினைக்கிறது. கிடையாது. யார் வீட்டு பீரோவில் என்ன தொங்குகிறது என்பதை வைத்து மிஸ்தான் முடிவு செய்கிறார். மாதவிக்குப் பரதநாட்டிய உடுப்பு, ஒட்டியாணம், நெற்றிச்சுட்டி, சலங்கை எல்லாம் வாடகைக்கு எடுத்தால் பட்ஜெட்டில் பெரிய ஓட்டை விழும். ஆகவே சமீபத்தில் அரங்கேற்றம் முடித்த பெண் எவளோ அவளே மாதவி. பாண்டியன் நெடுஞ்செழியனாக வர எட்டாம் வகுப்பில் வெண்கலக் குரலோடு ஒரு பையன் இருந்தான், ஒல்லிக்குச்சி. வாடகைக் கடையில் சும்மா கிடந்த ஒரே ராஜா உடுப்போ 36 சைஸ். டான்ஸ் மாஸ்டர் மன்றாடிப் பார்த்தார்.

“மாஸ்டர், குரல மைக்குல ஏத்திக்கலாம். இடுப்ப எதுல ஏத்துறது?”

பூசினாற்போன்ற உடம்புக்காரன் ஒருவனுக்கு முடிசூட்டு விழா நடந்தது.

இதைக் குறை சொல்லவும் முடியாது, இந்த ஊரில் இதற்கு மரபு உண்டு. சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகங்களை இன்றைக்கும் தென்மாவட்டத் திருவிழாக்களில் ஆடும் ஸ்பெஷல் நாடகக்காரர்கள் தனித்தனியாகத்தான் ஒப்பந்தமாகிறார்கள். உடுப்பும் அரிதாரமும் அவரவர் பெட்டியிலிருந்தே வரும். முருகனுக்கும் வள்ளிக்கும் அன்றைக்கு இரவுதான் அறிமுகமே என்றாலும் இருவர் ஜிகினாவும் சண்டையில்லாமல் மின்னும்.

மிஸ்ஸுக்கு இளங்கோவடிகள் மீது தனிப் பிரியம். தமிழ் ஐயாவின் பிரியம் வேறு, இது வேறு. கதாநாயகி நகையெல்லாம் களைந்து, விரித்த கூந்தலும் கையில் ஒற்றைச் சிலம்புமாக உச்சக்காட்சிக்கு வருகிறாள். அழுக்குச் சேலை போதும். சவுரி வேண்டாம், குஞ்சலம் வேண்டாம், பூகூட வேண்டாம். “எழுதும்போதே நம்ம பட்ஜெட்ட யோசிச்சுத்தான் எழுதியிருக்காரு ஐயா” என்று அவர் உருகியபோது தமிழ் ஐயா பதில் சொல்லாமல் கண்ணாடியைத் துடைத்தார்.

கொள்முதலுக்கு மிஸ் கிளம்பினால் கூடப் போய்ப் பார்க்க வேண்டும். ஒரு காலத்தில் அவருடைய தலைமைச் செயலகம் புதுமண்டபம். திருமலை நாயக்கர் கட்டிய மண்டபத்தில் நாயக்க மன்னர்களின் சிலைகள் தூணோடு தூணாக நிற்க, அவர்கள் காலடியில் தையல் மிஷின்கள் கடகடக்கும். அழகர் ஆற்றில் இறங்கும்போது தண்ணீர் பீய்ச்சுகிறவர்களுக்கும் திரி எடுப்பவர்களுக்கும் உடுப்பு தைத்த கைகள்தாம் பள்ளிக்கூட நாடகத்துக்கும் ராஜா, மந்திரி, சேவகன் தைத்துக் கொடுத்தன. சந்தேகம் வந்தால் அண்ணாந்து பார்த்துக்கொள்ளலாம். தூணில் இருக்கிற நாயக்கர் இடுப்புக் கச்சையை எப்படிக் கட்டியிருக்கிறாரோ அப்படி. சில வருடங்களுக்கு முன் கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள். மண்டபத்துக்கு நல்லதுதான். மிஸ்ஸுக்கு மட்டும் அளவு பார்க்க ராஜா இல்லாமல் போனார்.

ஆண்டு விழா பெரும்பாலும் பொங்கலுக்கும் முழுப் பரீட்சைக்கும் நடுவில் வரும். அதைத் தாண்டினால் தையற்காரர்கள் சித்திரைத் திருவிழா வேலையில் இறங்கிவிடுவார்கள், தலை நிமிர மாட்டார்கள். அதனால் தை பிறக்கும் முன்பே மிஸ் முற்றுகையைத் தொடங்குவார்.

“பாய், போன வருசம் சட்டைக்கு என்ன கூலி போட்டீங்களோ அதே போடுங்க.”

“போன வருசமும் அதுக்கு முந்தின வருசக் கூலிதான் டீச்சர் குடுத்தீங்க.”

“பிள்ளைங்களுக்குத்தான பாய்!”

“எனக்கும் பிள்ளைங்க இருக்குல்ல டீச்சர்.”

இந்த உரையாடல் வருடா வருடம் நடக்கும். இருவரும் வசனம் மறக்க மாட்டார்கள். கடைசியில் கூலி அப்படியே நிற்கும். நாடா, ஹூக், ஓரம் அடிக்கிற வேலை மட்டும் டீச்சர் தலையில் ஏறும்.

துணி வாங்குகிற இடத்தில்தான் அவருடைய மேதைமை. விளக்குத்தூண் பக்கத்துக் கடைகளில் அவரைக் கண்டதுமே கட் பீஸ் மூட்டையை அவிழ்த்துவிடுவார்கள். முழுத்தானை எடுத்துக் காட்டுவது வீண் வேலை என்று அவர்களுக்குத் தெரியும். ஆயர் பெண்கள் குரவைக்கூத்து ஆட விரிந்து சுழலும் பாவாடை வேண்டும் என்றார் டான்ஸ் மாஸ்டர். 30 அங்குல உயரத்துக்கு முழு வட்டக் குடைப்பாவாடை என்றால் 44 அங்குலப் பன்னா சாட்டினில் ஆளுக்கு மூன்றரை மீட்டர் விழுங்கும். மிஸ் கரும்பலகையில் வட்டம் போட்டு, ஆரம் குறித்து, மூலையில் எவ்வளவு துணி வீணாகிறது என்று ஒன்பதாம் வகுப்பையே கணக்குப் போட வைத்தார். பிறகு ஆறு பீஸ் பாவாடையாக மாற்றி, பீஸ்களைத் தலைகீழாக அடுத்தடுத்து வைத்து வெட்டினால் ஒன்றேமுக்கால் மீட்டரில் முடிகிறது என்று நிரூபித்தார். “சுத்துறப்ப அவ்வளவா விரியாதே” என்றார் மாஸ்டர். “வேகமாச் சுத்தச் சொல்லுங்க” என்றார் மிஸ்.

தமிழ் ஐயாவுக்குச் சாட்டினே பிடிக்கவில்லை. கோவலன் மதுரையைச் சுற்றிப் பார்த்தபோது அறுவை வீதியில் பருத்தியும் மயிரும் பட்டுமாக நூற்றுக்கணக்கில் அடுக்கியிருந்ததாகக் காப்பியத்திலேயே இருக்கிறது, சாட்டின் எங்கே இருக்கிறது என்று கேட்டார். “அவரு பாத்துட்டுத்தான ஐயா போனாரு? 62 பேருக்கு வாங்கலையே!” ஊர்ப் பெண்களாக வரும் பிள்ளைகளுக்கு வீட்டுப் பாட்டிமார்களின் சுங்குடிச் சேலைகளை இரவல் வாங்கியபோதும் அவர் விடவில்லை. சுங்குடியைக் கொண்டுவந்த சௌராஷ்டிரர்கள் மதுரைக்கு வந்தது நாயக்கர் காலத்தில், நெடுஞ்செழியனுக்கு எத்தனையோ நூற்றாண்டு தள்ளி. “சேலைக்கு வாடகை கிடையாது ஐயா” என்றதும் வரலாறு ஒதுங்கி வழிவிட்டது.

பெற்றோர் தனி அத்தியாயம். ‘பொன்னியின் செல்வன்’ படம் வந்த பிறகு இவர்களை அடக்க முடியவில்லை. மூன்றாவது வரிசையில் ஈட்டியோடு நிற்கிற காவலனின் அம்மா, குந்தவை நகையின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி, “மிஸ், இந்த மாதிரி?” என்று கேட்கிறார். ஒரு அப்பாவுக்குத் தம் மகன் தீயாக வருவதில் வருத்தம். மதுரையை எரிக்க இருபது தீ வேண்டியிருந்தது. மிச்சமிருக்கிற பிள்ளைகளை எங்கேதான் நிறுத்துவது? “தீயில நடுத்தீ சார் உங்க பையன்” என்று மிஸ் சமாதானம் சொன்னார். மறுநாள் இன்னும் நான்கு பேர் நடுத்தீ கேட்டு வந்தார்கள். தீயின் உடுப்பு, வீடுகளில் சும்மா கிடக்கும் ஆரஞ்சு, மஞ்சள், சிவப்புத் துப்பட்டாக்களைக் கிழிக்காமல் ஊக்குக் குத்தி மடித்தது. கிழிக்காமல் என்பதை அடிக்கோடிட வேண்டும். மறுநாள் எண்ணித் திருப்பித் தர வேண்டும்.

எல்லாவற்றையும்விடத் தண்ணி காட்டியது சிலம்பு. காலில் போட்டுக்கொண்டால் உடையக் கூடாது, கையில் எடுத்து எறிந்தால் உடைந்தே தீர வேண்டும். மிஸ் தெர்மாகோல் வளையத்தை இரண்டாகப் பிளந்து, உள்ளே குடைந்து, தங்கத்தாள் சுற்றி, விளிம்பில் ஃபெவிகால் வைத்தார். கொஞ்சம் கூடினால் கண்ணகி ஓங்கி அடித்தும் அது சக்கரமாக உருண்டு பாண்டிமாதேவியின் காலடியில் போய் நின்றது. கொஞ்சம் குறைந்தால் கோவலன் விற்கக் கொண்டுபோகும்போதே திறந்துகொண்டது. கடைசியில் தீக்குச்சி முனையில் தொட்ட நாலு புள்ளி என்று அளவு பிடிபட்டது. அடுத்த சிக்கல் பரல். முதலில் சிவப்புக் கண்ணாடி மணி போட்டார்கள். வெறுங்காலோடு வந்த இருபது தீயும் மணியை மிதித்து நிஜமாகவே துள்ளியது, டான்ஸ் மாஸ்டர் “அப்படித்தான், அப்படித்தான்!” என்றார். மிஸ்ஸுக்கு மனசு கேட்கவில்லை. ஜெம்ஸ் மிட்டாயில் சிவப்பை மட்டும் பொறுக்கிப் போட்டார். ஒத்திகையில் சிலம்பு அழகாகத் தெறித்தது, மாணிக்கம் மேடையெங்கும் ஓடியது, பின்னாலேயே தீ பரவியது. பாட்டு முடிந்து பார்த்தால் ஒரு பரலைக் காணோம். அரசன் குற்றத்துக்கு இருந்த ஒரே சாட்சியை நெருப்பு தின்றுவிட்டது.

விழா அன்று கண்ணகி அவைக்குள் நுழையும்போது லைட்காரர் நீல விளக்கைப் போட்டார். சோகம் என்றால் அவருக்கு நீலம்தான். சிவப்புத் துணி நீல வெளிச்சத்தில் நிற்காது என்பது மிஸ்ஸுக்குத் தெரியும், லைட்காரருக்குத் தெரியாது. பார்த்துப் பார்த்து வாடகைக்கு எடுத்த பாண்டியனின் சிவப்பு வெல்வெட் அங்கி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே கரிக்கட்டை நிறத்துக்குப் போனது. மிஸ் வாயிலிருந்த ஊக்கு கீழே விழுந்தது. சிறப்பு விருந்தினரோ மைக்கில் நெகிழ்ந்துபோனார்: நீதி தவறிய கணத்தில் மன்னனின் ஆடையே இருண்டுபோவதாகக் காட்டினீர்களே, என்ன கற்பனை! அதற்கும் டான்ஸ் மாஸ்டருக்கே இன்னொரு பொன்னாடை. மிஸ் கணக்கைத் திருத்திக்கொண்டார்: நாலு.

மறுநாள் காலை, வாடகை மூட்டையோடு கடையில் நின்றார். கடைக்காரர் ஒவ்வொன்றாக உதறி, பவுடர் கறைக்கு இவ்வளவு, விட்டுப்போன ஹூக்குக்கு இவ்வளவு என்று டெபாசிட்டில் கழிக்க, மிஸ் பதிலுக்கு, எடுத்தபோதே கிழிந்திருந்த அக்குளை அன்றே போட்டோ எடுத்து வைத்திருந்ததை நீட்டினார். அந்த நேரம் பார்த்துத் தலைமையாசிரியரிடமிருந்து போன்.

“டீச்சர், தாளாளருக்கு ரொம்பத் திருப்தி. அடுத்த வருசம் இராமாயணம் பண்ணலாம்கிறாரு. என்ன சொல்றீங்க?”

“பண்ணலாம் சார். ஆனா கல்யாணம், பட்டாபிஷேகம் ரெண்டும் வேணாம். மரவுரியில ஆரம்பிச்சு மரவுரியிலயே முடிச்சுருவோம்.”

“சரி டீச்சர். தாளாளரு வானர சேனைக்கு மட்டும் நூறு பிள்ளைங்க வேணும்கிறாரு.”

மிஸ் போனைக் கையால் பொத்திக்கொண்டு கடைக்காரர் பக்கம் திரும்பினார்.

“அண்ணே, வாலு வாடகைக்குக் குடுப்பீங்களா, இல்ல நாங்களே சணல் வாங்கிக்கணுமா?”