முத்திரை விழாத முப்பத்துநாலு

பெறுநர்:
கட்டுப்பாட்டு அதிகாரி அவர்கள்,
சட்டமுறை எடையளவுத் துறை,
புதுச்சேரி.

பொருள்: பெண்கள் உள்ளாடை அட்டையில் 34 என்ற பெயரில் நடமாடும் எண்ணைப் பிடித்து விசாரிக்கக் கோருதல் – தொடர்பாக.

ஐயா,

நான் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில், தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். ஊட்டி ரயில் கிளம்பும் மேட்டுப்பாளையம் இல்லை, லாரி கிளம்பும் நம்ம மேட்டுப்பாளையம். என் கையில் எப்போதும் ஒரு கேஜ் இருக்கும். அதன் ஒரு முனை பீஸின் துளைக்குள் போக வேண்டும், மறுமுனை போகக் கூடாது. இரண்டும் போனாலும் ரிஜெக்ட், இரண்டும் போகாவிட்டாலும் ரிஜெக்ட். இப்படி ஷிப்ட் முழுக்க நின்றபடி அளவுக்குக் காவல் காக்கிறவள், அளவென்றே எதுவும் இல்லாத ஒன்றை மாட்டிக்கொண்டுதான் நிற்கிறேன்.

உங்கள் துறைமேல் எனக்கு மரியாதை உண்டு. காய்கறிக் கடைத் தராசில் உங்கள் முத்திரை இருக்கிறது. பெட்ரோல் பங்கில் சந்தேகம் வந்தால் 5 லிட்டர் கேனைக் கொண்டுவா என்று கேட்கலாம். எடைமேடையில் ஏறும் லாரிகூட உங்களுக்குக் கட்டுப்பட்ட லாரிதான். பாடி மட்டும் யார் கையிலும் சிக்காமல் திரிகிறது. கூச்சமாக இருக்கலாம். டேப்போடு ஓர் அதிகாரி இன்னர் கடைக்குள் நுழைந்து சோதனை போட்டார் என்று நான் கேள்விப்பட்டதில்லை.

வழக்கின் விவரத்துக்கு வருகிறேன். என் பாடி அட்டையில் 34 என்று போட்டிருக்கிறது. பக்கத்திலேயே 85 செ.மீ. என்றும் இருக்கிறது. 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி மெட்ரிக் அளவுதான் செல்லும் என்பதால் அங்குலத்துக்குத் துணையாக அது வந்து சேர்ந்திருக்கும். பாடியை மேசைமேல் விரித்துப் போட்டுத் தையல் டேப்பால் அளந்தேன். இழுக்காமல் அளந்தால் 66. எலாஸ்டிக் கதறக் கதற இழுத்தால்தான் 85 எட்டிப் பார்க்கிறது. சரி, உடம்பின் அளவைத்தான் சொல்கிறார்களோ என்று மார்புக்குக் கீழே சுற்றி அளந்தேன், 75. மார்பின்மேல் சுற்றினேன், 94. பாடியிலும் 85 இல்லை, உடம்பிலும் 85 இல்லை. அப்படியானால் அது யாருடைய 85, ஐயா?

விசாரித்ததில் தெரிந்தது: அது அமெரிக்காக்காரர்களின் பழைய கணக்கு. மார்புக்குக் கீழே எவ்வளவு அங்குலமோ அதோடு நாலோ ஐந்தோ கூட்டு, வருவதுதான் சைஸ். என் இருபத்தொன்பதரை அங்குலம் 34 ஆனது இப்படித்தான். வெளிநாட்டில் சில கம்பெனிகள் இந்தக் கூட்டலைக் கைவிட்டுவிட்டன, நம் ஊர் அட்டைகளில் அது சௌக்கியமாக இருக்கிறது. தக்காளிக்காரம்மா கிலோவுக்கு நாலு கூட்டிச் சொன்னால் நீங்கள் சும்மா விடுவீர்களா?

பாரிசில் இருக்கும் என் நாத்தனார் அங்கிருந்து ஒன்று வாங்கி அனுப்பினாள். அதில் சைஸ் 90. பயந்துபோய்ப் போட்டுப் பார்த்தால் கச்சிதமாக இருக்கிறது! ஜெர்மனியில் என்னை 75 என்றே ஒழுங்காகச் சொல்வார்களாம். பிரான்சில் அதோடு 15 கூட்டி 90. ஆஸ்திரேலியாவுக்குப் போனால் 12. இத்தாலியில் வெறும் 3. உலகத்துக்கே மீட்டரைப் பெற்றுக் கொடுத்த நாடு பிரான்ஸ். அந்த மீட்டரைப் பெண்கள் முதுகுப்பக்கம் மட்டும் எடுத்துப் போக மறந்துவிட்டது. நம் ஊரை ஆண்டவர்களாயிற்றே, அவர்களைக் குறை சொல்ல நமக்கென்ன தகுதி.

இப்போது எங்கள் மொட்டைமாடிக் கொடியில் மூன்று 90 காய்கின்றன. ஒன்று வீட்டுக்காரரின் திருப்பூர் பனியன். இன்னொன்று என் மாமியாரின் பாடி, 36 என்றும் 90 செ.மீ. என்றும் அட்டை போட்டு வந்தது. மூன்றாவது பாரிசிலிருந்து வந்த என்னுடையது. மாமியாருக்கும் எனக்கும் உடம்பு ஒன்றல்ல. இந்த மூன்றில் பனியன் மட்டும்தான் உண்மை பேசுகிறது, மார்பு 90 செ.மீ. உள்ள ஆளுக்கு அது 90. ஆண்களிடம் மட்டும் ஏன் உண்மை பேசுகிறார்கள் என்பது உங்கள் துறைக்கு அப்பாற்பட்ட விஷயம், விட்டுவிடுகிறேன்.

எண்ணுக்குப் பக்கத்தில் ஓர் எழுத்து இருக்கிறது. 1930-களில் அமெரிக்கக் கம்பெனிகள் புகுத்தியது. நான் 34 சி. ஆனால் சி என்றால் இவ்வளவு கொள்ளும் என்று ஒரு கணக்குக் கிடையாது. 34 சி-யின் கிண்ணமும் 36 பி-யின் கிண்ணமும் ஏறக்குறைய ஒன்றே. இந்தச் சூட்சுமத்தை வைத்துத்தான் வியாபாரமே நடக்கிறது. டவுனில் ஒரு கடை. கவுன்டருக்கு அந்தப் பக்கம் நின்ற பெண் என்னை மேலிருந்து கீழ் ஒரு பார்வை பார்த்தாள்.

“உங்களுக்கு 36 சரியா இருக்கும்க்கா.”

“34 சி இருக்காம்மா?”

“சி-லாம் வராதுக்கா. 36 பி எடுத்துக்குங்க, அதே தான்.”

“போட்டுப் பாக்கலாமா?”

“இன்னருக்கு ட்ரயல் கிடையாதுக்கா. எக்ஸ்சேஞ்சும் கிடையாது.”

அவள் சொன்னதில் பொய் இல்லை. கிண்ணம் அதே தான். ஆனால் முதுகுப் பட்டி எனக்கு லூஸ். பாரத்தில் பெரும்பங்கைத் தாங்க வேண்டியது அந்தப் பட்டிதான்; இரண்டு விரல் மட்டும் நுழையும் அளவுக்கு இறுக்கமாக, முன்னும் பின்னும் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். லூஸானால் அது முதுகில் மேலே ஏறிக்கொள்ளும், மொத்தப் பாரமும் தோள்பட்டை வாருக்கு வந்துவிடும். மதிய சாப்பாட்டு வேளைக்குள் தோளில் பள்ளம் விழும். சித்திரை வெயிலில் மார்புக்கு அடியில் வேர்க்குரு. மறைவாகப் போய் வாரைச் சுருக்கிவிட்டால் பட்டி இன்னும் மேலே ஏறும். அடுத்த முறை கடைக்குப் போய் இதைச் சொன்னால், “உங்க உடம்புவாகு அப்படிக்கா” என்பார்கள். என் கம்பெனியில் நட்டு போல்ட்டில் ஏறாவிட்டால் போல்ட்டின் உடம்புவாகு என்று எழுதி பைலை மூட முடியாது.

டில்லியும் சும்மா இல்லை. இந்தியர்களுக்கென்றே தனி சைஸ் பட்டியல் தயாரிக்கிறோம் என்று ஜவுளி அமைச்சகம் 2018-இல் ‘இந்தியா சைஸ்’ திட்டத்தை அறிவித்தது. நிஃப்ட் என்ற ஃபேஷன் கல்லூரி பொறுப்பு, முப்பரிமாண ஸ்கேனர், ஆறு நகரங்களில் 25,000-க்கும் மேற்பட்டவர்கள் என்று திட்டம் பிரமாதம். நகரங்கள்: டில்லி, மும்பை, கொல்கத்தா, ஹைதராபாத், பெங்களூரு, ஷில்லாங். சென்னைகூட இல்லாத பட்டியலில் மேட்டுப்பாளையத்தைத் தேடுவது பேராசைதான். என் அளவைப் பெங்களூருப் பெண் ஒருத்தி எனக்காகக் கொடுத்திருப்பாள் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன்.

புதிதாகச் சட்டம் எதுவும் கேட்கவில்லை. உங்களுடைய 2011-ஆம் ஆண்டுப் பொட்டலப் பொருள் விதிகளிலேயே இருக்கிறது: அளவு முக்கியமான பொருளென்றால் அதன் பரிமாணத்தைப் பொட்டலத்தின்மேல் போட வேண்டும். பாடிக்கு அளவு முக்கியமா இல்லையா என்று துறை ஒரு முடிவுக்கு வந்தால் போதும். முக்கியம்தான் என்றால், மார்புக்குக் கீழே இத்தனை, மார்பின்மேல் இத்தனை என்று இரண்டு சென்டிமீட்டர் எண்களைக் கூட்டாமல் கழிக்காமல் அட்டையில் போடச் சொல்லுங்கள். அதிகாரிகளுக்குக் கூச்சமாக இருந்தால் ஞாயிற்றுக்கிழமைகளில் டேப் பிடிக்க நான் வருகிறேன். எனக்குக் கூச்சமெல்லாம் எப்போதோ ரிஜெக்ட் ஆகிவிட்டது.

இப்படிக்கு,
85 செ.மீ. எனக் குற்றம் சாட்டப்பட்ட
ஒரு 75 செ.மீ.

நகல்: ஜவுளி அமைச்சகம், புதுடில்லி (ஏழாவது நகரம் தேடும் பட்சத்தில்).

இணைப்பு: 34 எனக் குறிக்கப்பட்ட பாடி ஒன்று, துவைத்தது. சோதனை முடிந்தபின் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை.