ஸ்டெப்னி இல்லாத டிக்கி

லாரி ஓட்டுநர்கள் டயரைத் தட்டிப் பார்த்தே காற்று போதுமா என்று சொல்லிவிடுவார்கள். அதைப் பார்த்துப் பழகிய நம் வீட்டுப் பெரியவர்கள் எந்தக் காரைக் கண்டாலும் முன்டயருக்கு ஓர் உதை கொடுத்துவிட்டு "ம்ம்" என்பார்கள். அந்த "ம்ம்" பாராட்டா, கவலையா என்று யாரும் விசாரித்ததில்லை. ரன்ஃப்ளாட் டயர் வந்து அந்த சாஸ்திரத்தில் மண்ணைப் போட்டுவிட்டது. காற்று இருந்தாலும் விறைப்பு, போனாலும் ஏறக்குறைய அதே விறைப்பு.

என் மைத்துனன் செகண்ட் ஹேண்டில் ஒரு ஜெர்மன் கார் வாங்கினான். மாமனார் உதைத்தார், "ம்ம்" என்றார், டிக்கியைத் திறந்து விரிப்பைத் தூக்கினார். ஸ்டெப்னியைக் காணோம். ஜாக்கியும் இல்லை.

"டேய், வித்தவன் ஸ்டெப்னியக் கழட்டி வச்சுக்கிட்டான்டா."

"இல்லப்பா, கம்பெனியிலேயே குடுக்கறதில்ல. இது பஞ்சர் ஆனாலும் ஓடும்."

"பஞ்சர் ஆனா எல்லா வண்டியும்தான் ஓடும். ரிம்மு போயிடும்."

அவர் சொன்னதில் தப்பில்லை. சாதாரண டயரில் வண்டியின் எடையைச் சுமப்பது பெரும்பாலும் உள்ளே அடைத்த காற்றுதான். அது போனதும் டயரின் பக்கச்சுவர் மடிந்து, ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவே நசுங்கி, கொஞ்ச தூரத்தில் நார்நாராகிவிடும். ரன்ஃப்ளாட்டில் அந்தச் சுவருக்குள் சூடு தாங்கும் ரப்பரைத் தடிமனாக வைத்திருக்கிறார்கள். காற்று போனால் வண்டி அதன் மேல் நிற்கும். 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாமல் 80 கிலோமீட்டர் தூரம் என்பது வழக்கமான கணக்கு. அதற்கு மேல் போனால், மடிந்து மடிந்து எழும் ரப்பர் தன் சூட்டிலேயே கெட்டுப்போகும்.

இதொன்றும் நேற்று வந்த சங்கதி இல்லை. 1994-லேயே அமெரிக்காவின் கார்வெட் காரில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். 1997-ல் வந்த புது கார்வெட்டில் ஸ்டெப்னிக்கு இடமே விடவில்லை. நம் நாட்டிலும், ட்யூப்லெஸ் டயர், காற்றழுத்தத்தைக் கண்காணிக்கும் கருவி, பஞ்சர் கிட் மூன்றும் இருந்தால் காருக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை என்று 2020-ல் விதியைத் திருத்தினார்கள். மைத்துனன் இதைச் செல்போனில் எடுத்துக் காட்டினான். "கவர்மெண்ட் வந்து தள்ளுமாடா?" என்றார் மாமனார்.

திருச்சியிலிருந்து சென்னைக்குக் குடும்பத்தோடு திரும்பிய ஒரு ராத்திரி, உளுந்தூர்பேட்டை தாண்டியதும் டயர் விளக்கு எரிந்தது. வண்டி இழுக்கவில்லை, ஆடவில்லை. அந்த விளக்கு மட்டும் இல்லையென்றால் எங்களுக்குத் தெரிந்தே இருக்காது. அதனால்தான் ரன்ஃப்ளாட் மாட்டும் காரில் அந்தக் கருவி இல்லாமல் ஆகாது. மற்ற வண்டியாக இருந்தால் பெண்டுபிள்ளைகளை இருட்டில் இறக்கி ஓரமாக நிறுத்தி, லாரிகள் உரசிக்கொண்டு போகும் ரோட்டில் குனிந்து நட்டு கழற்றியிருப்போம். அந்த வேளையில் முழுநேரமும் தூங்கிய ஒரே ஆள் என் மாமியார். ரன்ஃப்ளாட்டுக்கு இதைவிட நல்ல சான்றிதழ் எனக்குத் தெரியாது.

பிறகுதான் கணக்கு. சென்னை 80-க்குள் வராது. விழுப்புரத்தில் திரும்பினால் புதுச்சேரி ஏறக்குறைய வரும். அங்கே சித்தப்பா வீடும் உண்டு. 120-க்குக் கீழே கார் ஓட்டுவதைத் தன்மானப் பிரச்சினையாகக் கருதும் மைத்துனன் 70-ல் உருட்டினான். அரசுப் பேருந்து முந்தியது. கரும்பு லாரி முந்தியது. முன்சீட்டில் மாமனார் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மீட்டரையே பார்த்தார். "எழுபத்திநாலு... டேய், எழுபத்தாறு!" சொந்த மகனின் வேகத்தைக் கட்டுப்படுத்த அவருக்கு இத்தனை வருஷத்தில் கிடைத்த முதல் அதிகாரம் அது. விடிய விடியக்கூடப் போயிருப்பார்.

காலையில் பஞ்சர் கடைக்காரர் ஆணியைக் காட்டினார். ஒட்டித் தருவார் என்று பார்த்தால், "காத்தில்லாம எவ்ளோ தூரம் வந்தீங்க?" என்று கேட்டுவிட்டுக் கையை விரித்தார். உள்சுவர் கெட்டிருந்தால் வெளியே தெரியாது. காற்றில்லாமல் ஓடிய ரன்ஃப்ளாட்டை மாற்றிவிடுங்கள் என்றுதான் பெரும்பாலான கம்பெனிகளும் சொல்கின்றன. சாதாரண டயரைவிட விலை கூடுதல், எடை கூடுதல். விறைப்பு காரணமாக ஸ்பீடு பிரேக்கர் ஒவ்வொன்றும் முதுகெலும்பில் கையெழுத்து வேறு போடும்.

போனில் விலை கேட்ட மைத்துனன் கொஞ்ச நேரம் கடற்கரைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மாமா, நாலையும் சாதா டயரா மாத்திட்டு ஒரு பஞ்சர் கிட் வாங்கி வச்சுக்கலாமா? நெறையப் பேரு அப்படித்தான் பண்றாங்களாம்."

எனக்கு முன்னால் மாமனார் பதில் சொன்னார்.

"அதெல்லாம் வேணாம். இதையே போடு. அந்த லைட்டு எரிஞ்சாத்தான் நீ மனுசன் மாதிரி ஓட்டற."