சங்கமா? சீச்சீ!

கச்சிராயபாளையம் சர்க்கரை ஆலைத் தொழிலாளிக்குச் சங்கம் வேண்டும், சரி. ஆட்டோக்காரருக்கும் வேண்டும். மடிக்கணினித் தம்பிகளுக்கு எதற்கு?

2016-லேயே தமிழக அரசு, ஐ.டி. ஊழியர்களும் சங்கம் வைக்கலாம் என்று தெளிவுபடுத்திவிட்டது. தம்பிகளில் பெரும்பாலோர் கண்ணியமாகக் காதில் வாங்கவில்லை. 2025 ஜூலையில் டி.சி.எஸ். 12,000 பேருக்கு மேல் குறைக்கப்போவதாக அறிவித்தது. நூற்றுக்கு இரண்டு பேர்தானே! மிச்சம் தொண்ணூற்றெட்டு பேரும் தாங்கள்தான் அந்தத் தொண்ணூற்றெட்டு என்று நம்பினால் போதாதா?

வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் எதிர்வீட்டுத் தம்பியிடம் கேட்டேன். "கம்பெனி எங்களுக்குக் குடும்பம் மாதிரிண்ணே" என்றார். உண்மையில் குடும்பத்தைவிட மேல். எங்கள் ஊரில் ஒரு பங்காளியை விலக்கக் கள்ளக்குறிச்சி கோர்ட்டுக்குப் பத்து வருஷம் நடக்க வேண்டும். அங்கே பதினைந்து நிமிட வீடியோ அழைப்பு. பேசி முடிப்பதற்குள் பாஸ்வேர்டும் செத்துவிடும். சண்டை இல்லை, சச்சரவு இல்லை, கொடி நட்டுச் சாலையைத் தோண்டும் வேலையும் இல்லை.

ஒரே ஒரு குறை. அந்த ஐ.டி. முதலாளிகள் மட்டும் 1988-லேயே நாஸ்காம் என்று சங்கம் வைத்துக்கொண்டார்களாம். பாவம், அவர்களுக்குக் குடும்பம் இல்லை போலிருக்கிறது.