பத்து நாற்காலிக்கு ஒம்பது பேரு

வா கண்ணு, உக்காரு. கையில ஃபைலு, ஜோப்புல ரெண்டு பேனா, கழுத்துல பட்டை. தேர்தல் அலுவலர்னா சும்மாவா! சோலார் விழிப்புணர்வுச் சங்கத்துக்குப் புது நிர்வாகிகளைத் தேர்ந்தெடுக்கோணும். தலைவர், செயலாளர், பொருளாளர், அப்புறம் செயற்குழு ஏழு பேரு. ஆக மொத்தம் பத்து நாற்காலி. மனு வந்தது ஒம்பது. அதுல ஒண்ணு உன்றது. இன்னொண்ணு, ஆளையே கேக்காம அவரோட மச்சான் எழுதிக் குடுத்தது. தேர்தல் நடத்தறவனும் நீயே, நிக்கறவனும் நீயே, இதுல ஓட்டுப் பெட்டி வேற வாங்கியாந்திருக்கே. பெட்டிய உங்கப்பத்தாகிட்டக் குடுத்துரு, கொத்தமல்லி போட்டு வெச்சுக்குவா.

சிரிக்காதே. போட்டியில்லாத தேர்தல்தான் உள்ளதுலயே சிக்கலான தேர்தல். கட்சித் தேர்தல்ல ஒருத்தனோட வண்டவாளத்தை இன்னொருத்தன் மைக்குல சொல்லிருவான், நமக்கு விசாரிக்கற வேலை மிச்சம். இங்க அது கிடையாது. சம்பளம் இல்லை, பேட்டா இல்லை, கூட்டத்துக்கு டீயும் கைக்காசு. கோயில் கமிட்டின்னாலாவது நோம்பி அன்னிக்குப் பரிவட்டம் கட்டுவாங்க. ஒண்ணுமே கிடைக்காத எடத்துக்கு ஓடி வர்றவன், ஒண்ணு ரொம்ப நல்லவனா இருக்கோணும். இல்லீன்னா உனக்குத் தெரியாத ஒண்ணு அவனுக்குத் தெரிஞ்சிருக்கோணும்.

நம்ம ஒம்பதுல நாலு பேரு பேனல் விக்கறவங்க. தப்புன்னு சொல்ல வரலை. வெயிலைப் பத்தி நம்மூர்ல இத்தனை அக்கறையாப் பேசறது அவங்க மட்டுந்தான். அதுவும் 2024 பிப்ரவரியில டெல்லிக்காரங்க வீட்டுக்கூரைத் திட்டம் கொண்டாந்த பொறவு அக்கறை பொத்துக்கிட்டு ஊத்துது. 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூவா மானியம், 2 கிலோவாட்டுக்கு 60,000, 3ம் அதுக்கு மேலயும் 78,000. ஒரு கோடி வீடுன்னு கணக்கு வெச்சிருக்காங்க. இப்படியாப்பட்ட காலத்துல விக்கறவன் கையில சங்கத்தோட லெட்டர் பேடு இருந்தா எத்தனை சௌகரியம்னு நீயே ரோசனை பண்ணு. கம்பெனியிலிருந்து வர்றேன்னு சொன்னா வாசல்ல நாய் குரைக்கும். சங்கத்துலருந்து வர்றேன்னு சொன்னா உள்ள கூப்புட்டு மோரு குடுப்பாங்க.

அதனால சீட்டு அடிக்கறதுக்கு முன்னால ஒம்பது பேரையும் தனித்தனியாக் கூப்புட்டு ஒரே ஒரு கேள்வி கேளு. சூரியன் எத்தனை தூரத்துல இருக்குதுன்னு கேக்காதே, அதை ஃபோனைப் பாத்துச் சொல்லிருவாங்க. இப்படிக் கேளு: ஒரு ஆத்தா ஒண்டியாக் குடியிருக்குது. ரெண்டு மாசத்துக்கு 150 யூனிட் ஓடுது. சோலார் போடட்டுமான்னு கேக்குது. நீங்க என்ன சொல்லுவீங்க?

பதிலு எனக்கே தெரியும். வீட்டுக்கு முதல் 100 யூனிட்டைக் கவர்மெண்டு சும்மாவே குடுக்குது. மிச்சம் 50க்கு நூத்திச் சொச்சம் ரூவா பில்லு வரும். 3 கிலோவாட் போட்டா மானியம் போகவும் பெருந்தொகை கைக்காசு எறங்கும். ஒரு கிலோவாட்டுக்கு நாளைக்கு 4 யூனிட்டுன்னு வெச்சாலும் ரெண்டு மாசத்துல 720 யூனிட்டு. ஆத்தா அத்தனை கரண்டையும் வெச்சுட்டு என்ன பண்ணும், ஊருக்கெல்லாம் மாவாட்டிக் குடுக்குமா? உனக்கு இது வேண்டாம் ஆத்தா, காசைப் பேங்குல போட்டு வையின்னு சொல்றவன் ஒருத்தன் கிடைச்சான்னா, விடாதே, அவனைத் தலைவராப் போடு. அப்புறம் அதே கேள்விய மாத்திக் கேளு. ஏசி ரெண்டு வெச்ச வீடு, ரெண்டு மாசத்துக்கு 800 யூனிட் ஓடுது. இங்க மட்டும், போடுங்க, மேல் ஸ்லாப்புலருந்து கீழ எறங்கீரலாம்னு கணக்குச் சொல்லோணும். ரெண்டு வீட்டுக்கும் ஒரே பதில் சொல்றவனுக்கு நம்ம சங்கம் எதுக்கு? அவனுக்குத்தான் கடை இருக்குதே.

அப்படீன்னா நாலு பேரையும் துரத்தீரலாமான்னு கண்ணு மின்னுது உனக்கு. அவசரப்படாதே. எந்த இன்வெர்ட்டர் ரெண்டு கோடையில வாயப் பொளக்கும், எந்த ஸ்டாண்டு ஆடிக் காத்துக்கு ஆடும், இதெல்லாம் படிச்சவனுக்குத் தெரியாது, மாட்டுனவனுக்குத்தான் தெரியும். நாலுல ஒருத்தரைச் செயற்குழுவுல வையி. மிச்சம் மூணு பேரைச் சிறப்பு அழைப்பாளர்னு போடு. அந்தப் பட்டத்துக்கு ஓட்டு கிடையாது, ஆனா நோட்டீஸ்ல பேரு வரும். பாதிப் பேருக்கு அதுவே போதும். விதிமுறையில ஒரே ஒரு வரி மட்டும் சேர்த்துரு: நிர்வாகியா இருக்கறவன் கடையில சங்கம் ஒரு நட்டு போல்ட் கூட வாங்கக் கூடாது. இந்த வரிய வாசிச்சதும் எத்தனை மனு தானா வாபஸ் ஆகுதுன்னு பாரு. ஒம்பது ஆறாச்சுன்னா கவலைப்படாதே, அன்னிக்குத்தான் உன்ற தேர்தல் உண்மையா ஆரம்பிச்சுதுன்னு வெச்சுக்க.

ஈ.பி.யில ரிட்டயர்டு ஆனவரு ஒருத்தரு நிக்கறாருல்ல, அவரை விட்றாதே. நெட் மீட்டர் மனு எந்த மேசையில தூங்குது, யாரு போய் எழுப்போணும்னு அவருக்குத்தான் தெரியும். ஆனா தலைவராப் போட்டு மைக்கைக் குடுத்துறாதே. மின்சார வாரியத்துக்கு முன்னால, பின்னாலன்னு ஆரம்பிச்சாருன்னா பொழுது எறங்கிரும்.

அப்புறம் அந்த போட்டோ மாப்பிள்ளை. பேரைச் சொல்ல மாட்டேன், உனக்கே தெரியும். மூணு சங்கத்துல உப தலைவரு, ரெண்டுல கௌரவ ஆலோசகரு. ரத்த தானத்துலயும் நிப்பாரு, மரம் நடறதுலயும் நிப்பாரு. மரத்துக்கு மறுநாள் தண்ணி ஊத்துனது யாருன்னு மட்டும் அவருக்குத் தெரியாது. அவரால கெடுதல் இல்லைன்னு நீ நெனைப்பே. பேனலு ஒரு வரிசையாக் கோத்து மாட்டறாங்களே, அதுல ஒண்ணு மேல மட்டும் தென்னை மட்டை நிழல் விழுந்தா என்ன ஆவுது? அந்த ஒரு பேனலு மட்டுமா படுக்குது, வரிசையே மந்தமாயிருது. கூட்டத்துக்கு வராத நிர்வாகியும் அதேதான். அவரு வரலைன்னா கோரம் இல்லை. கோரம் இல்லைன்னா தீர்மானம் இல்லை. தீர்மானம் இல்லைன்னா பேங்குல கையெழுத்து மாறாது, கரண்டு பில்லுக்குக் கூடச் சங்கத்துப் பணத்தை எடுக்க முடியாது. வெயிலைப் பத்திப் பேசற சங்கம் இருட்டுல உக்காந்திருக்கும். பேனல்ல டயோடுன்னு ஒண்ணு வெச்சு நிழல் விழுந்த எடத்தைச் சுத்திக் கரண்டைத் தாட்டி விடறாங்க. உங்க விதிமுறையிலயும் ஒரு டயோடு வையி: தொடர்ந்து மூணு கூட்டம் வரலைன்னா நாற்காலி காலி. போட்டோ மாப்பிள்ளைக்கு அது ஒண்ணே மருந்து.

சட்டம் தெரியுமா உனக்கு? சங்கம் பதிஞ்சிருக்கறது 1975ம் வருசத்துத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்துல. ஏழு பேரு சேர்ந்தா சங்கம், குறைஞ்சது மூணு பேரு இருந்தா நிர்வாகக் குழு. ஒரு குழு மூணு வருசத்துக்கு மேல ஓடக் கூடாது. ஆசையிருந்தா திரும்ப நின்னு ஜெயிச்சுட்டு வரலாம். ஆளு மாறுனா படிவம் 7 எழுதி மாவட்டப் பதிவாளர் ஆபீசுல குடுக்கோணும். நம்ம சங்கத்துல இதெல்லாம் சரியா நடந்துதான்னு கேட்டா, போன தலைவரு மேல பாக்கறாரு, செயலாளரு கீழ பாக்கறாரு. ஜெயிச்ச அன்னிக்கு மாலை போட ஆளு வரும், மறுநாள் படிவம் 7 எழுத ஒரு குருவி கூட வராது. அதனால மாலைக்கு முன்னால படிவத்துல கையெழுத்து வாங்கிரு. மாலை போட்டுட்டா கழுத்துல இருக்கற பூவைத்தான் பாப்பாங்க, கீழ இருக்கற பேப்பரை எவன் பாக்கறான்?

உத்திரமேரூர்க் கதை தெரியுமில்ல? பள்ளிக்கோடத்துல குடவோலைன்னு ரெண்டு மார்க்குக் கேள்வியாப் படிச்சிருப்பே. பராந்தக சோழன் காலத்துல, 919லயும் 921லயும், கோயில் சுவத்துலயே வெட்டி வெச்சுட்டாங்க. 30 குடும்பு, அதாவது வார்டு. ஓலையில பேரெழுதிக் குடத்துல போட்டு, ஒண்ணும் தெரியாத சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொல்லறது. நிலமில்லாதவன் பேரும் பொம்பளை பேரும் அந்தக் குடத்துக்குள்ள விழவே இல்லை, அதையும் சேர்த்தே சொல்லிப்போடறேன், அவங்களைத் தலைமேல தூக்கி வெச்சுட்டு ஆட வேண்டியதில்லை. ஆனா ஒரு விதி போட்டாங்க பாரு! 35 வயசுக்கு மேல, 70க்குள்ள இருக்கோணும். போன மூணு வருசத்துல வாரியத்துல, அதாவது கமிட்டியில, இருந்தவன் நிக்கக் கூடாது. பதவியில இருந்துட்டுக் கணக்குக் காட்டாதவன் நிக்கவே கூடாது. அவன் மட்டுமில்லை, அவன் சித்தி பெரியம்மா பையன், அத்தை பையன், மாமன், மாமனாரு, அக்கா தங்கச்சியக் கட்டுனவன், ஒருத்தனும் நிக்கக் கூடாது. இந்த விதிய நம்ம சங்கத்துல கொண்டாந்தா என்ன ஆவும்னு நெனைச்சுப் பாத்தேன். கொள்ளுத் தாத்தா காலத்துலருந்து ஊருக்குள்ளயே பொண்ணெடுத்துப் பொண்ணு குடுத்த ஊரு இது. போன பொருளாளரு கணக்குக் குடுக்கலைங்கற ஒரே காரணத்துக்கு ஊர்ல முக்காவாசிப் பேரு அவுட்டு. மிஞ்சறது வெளியூர்லருந்து வந்த போஸ்ட்மேனும் ஸ்கூல் வாத்தியாரும்தான். யோசிச்சா அதுவும் நல்லதுதான், ரெண்டு பேரும் கணக்குல கெட்டி.

கணக்குன்னதும் ஞாபகம் வந்துது. மகளிர் குழுவுக்குக் கணக்கு எழுதற அம்மிணி இருக்குதே, வருசக் கணக்கா எத்தனை பேரோட சேமிப்பு, எத்தனை பேரோட கடன், ஒரு ரூவா பிசகுனதில்லை. உன்ற ஒம்பது பேருல அது பேரைக் காணம். நோட்டுல ஓரமா 'மகளிர் அணி'ன்னு பென்சில்ல எழுதியிருக்கே, பாத்தேன். சங்கமே அறுவது பேரு, அதுல அணி எதுக்கு? நேராப் போய்ப் பொருளாளர் பதவிக்கு நில்லு அம்மிணின்னு கேளு. நேரமில்லீங்கண்ணான்னு சொல்லும். அது பொய்யில்லை. ஞாயித்துக்கெழமை பதினோரு மணிக்குக் கூட்டம் வெச்சா எந்தப் பொம்பளை வருவா? அடுப்புல கறி கொதிச்சுட்டிருக்கும். உங்களுக்குக் கறி வெந்துருக்கும்ங்கற நேரம், அதுக்கு வேகற நேரம். கூட்டத்தைச் சாயந்தரத்துக்கு மாத்து, அப்புறம் கேட்டுப் பாரு. ஆம்பளைங்க டீவியில மேட்ச்சு போவுதுன்னு மொணங்குவாங்க. மொணங்கட்டும், வராதவனுக்குத்தான் டயோடு வெச்சிருக்கோமே.

கூப்புட்டதும் சனம் தானா வந்த காலமும் இருந்துது. நாங்க 1972ல கோயமுத்தூர் ரோட்டுல மாட்டு வண்டிய நிறுத்துனப்ப எனக்கு இருபத்தொண்ணு வயசு. கரண்டு ரேட்டை ஏத்துனதுக்கு எதுத்து விவசாயிகள் தலைவரு நாராயணசாமி நாயுடு கூப்புட்டாரு, சனம் வண்டி கட்டீட்டு வந்துது. அதுக்கு ரெண்டு வருசம் முந்தி, இதே கரண்டு ரேட்டுப் போராட்டத்துல, பெருமாநல்லூர்ல போலீசு துப்பாக்கிச் சூட்டுல மூணு பேரு செத்துப் போயிருந்தாங்க. அன்னிக்கு எவனும் ஜாயிண்ட் செகரட்டரி போஸ்ட்டு இருக்குதான்னு கேக்கலை. அதைச் சொல்லி உன்னைக் குத்திக் காட்டலை கண்ணு. அன்னிக்குப் பில்லு எல்லார் வீட்டுக்கும் வந்துது, வயித்துல எரிச்சல் இருந்துது, வந்தோம். இன்னிக்குத் தோட்டத்துக் கரண்டு இலவசம், வீட்டுக்கு முதல் 100 இலவசம். சோலாருக்காக வண்டி கட்டறதுக்கு எவனுக்கு எரியுது? கமுதியில 2016ல 648 மெகாவாட் போட்டாங்களே, அதுக்குச் சங்கமா தேவைப்பட்டுது? பெரிய கம்பெனி, பெரிய கையெழுத்து, முடிஞ்சுது. அதையே 3 கிலோவாட் 3 கிலோவாட்டாப் பிரிச்சா 2,16,000 கூரை. அத்தனை கூரைக்காரனும் மனு குடுக்கோணும், மீட்டர் மாத்தோணும், மானியம் வந்துதான்னு பேங்குக்கு நடக்கோணும். அந்த நடைக்குத்தான் சங்கம். ஆகையால நாற்காலிக்கு ஆள் பாக்கறப்ப, உக்காரத் தெரியுமான்னு பாக்காதே, செருப்புத் தேஞ்சிருக்குதான்னு பாரு.

உன்ற மனுவ என்ன பண்றதுன்னு முழிக்கறே. கழுத்துல இருக்கற பட்டையக் கழட்டி போஸ்ட்மேன்கிட்டக் குடுத்துட்டு நில்லு, இல்லீன்னா மனுவக் கிழிச்சுப் போட்டுட்டு ஒழுங்காத் தேர்தலை நடத்து. நானா இருந்தா நிப்பேன். உனக்குக் கோபம் வராது, இங்கிலீசுல லெட்டர் எழுதத் தெரியும், ஃபோனும் சதா கையிலயே இருக்குது. நம்ம மாடியில இருக்கற பேனல்ல பிடிச்ச தூசிய மட்டும் ஓட்டுப் போடற முந்தின நாளாவது தொடைச்சு விடு. ஜெயிச்சா பொறவு பாக்க வருவாங்க.

அதென்ன, பத்தாவது பேரு எழுதற எடத்துல என்ற பேரை எழுதி, கையெழுத்துக்கு இன்ட்டு மார்க்கும் போட்டு வெச்சிருக்கே? இதுக்குத்தான் வந்ததுமே எப்படி இருக்கீங்கப்பாருன்னு கரிசனமாக் கேட்டியா? முடியாது கண்ணு. உத்திரமேரூர்ல 70ன்னு வெட்டியிருக்குது, எனக்கு 74 ஆச்சு. சந்தேகம்னா கல்வெட்டையே போய்ப் பாத்துட்டு வா, ராத்திரி பஸ் இருக்குது.