பொருளாளர் வைத்த புள்ளி

எங்கள் குடியிருப்போர் சங்கப் பொருளாளர் தேதி எழுதினால் புள்ளி வைத்துத்தான் எழுதுவார். 3.4.2024. வங்கியில் குப்பை கொட்டி ரிட்டயர் ஆனவர். இப்போது அவர் கையில் எங்கள் மெயின்டனன்ஸ் பணமும், அமெரிக்காவிலிருந்து மகன் அனுப்பிய லேப்டாப்பும்.

புள்ளி வைத்ததை அவருடைய எக்செல் தேதி என்று ஒத்துக்கொள்ளாது. வெறும் எழுத்து என்று கட்டத்தின் இடது ஓரத்தில் ஒதுக்கிவிடும். நிஜத் தேதிதான் வலது ஓரம் போகும். சாருடைய தேதிகள் அத்தனையும் இடதுசாரிகள். பழைய யூனியன் பாசம் போலும்.

வரிசைப்படுத்தினால் கூத்து. எழுத்துக் கணக்கில் 10.1.2024 முன்னால் நிற்கும், 2.1.2024 பின்னால் போகும். ஒரே நாளில் நாலு பேர் கட்டினால் முதல் வரியில் மட்டும் தேதி, மற்ற மூன்றுக்கும் டிட்டோ குறி. லெட்ஜரில் அது அழகு. இங்கே ஒரு சார்ட் கொடுத்ததும் டிட்டோக்கள் எல்லாம் ஒரே இடத்தில் கும்பல் கூடிவிடும். எது எந்தத் தேதியின் பிள்ளை என்று எவருக்கும் தெரியாது.

"ஸ்லாஷ் போடுங்க சார்."

"சர்வீஸ் பூரா புள்ளி வச்சுத்தான் தம்பி கையெழுத்துப் போட்டேன். ஒரு வவுச்சராவது திரும்பி வந்திருக்கா?"

நானே என் கம்ப்யூட்டரில் புள்ளிகளை ஸ்லாஷாக்கி, டேட்வேல்யூ ஃபார்முலா போட்டேன். எக்செலுக்கு 1900 ஜனவரி 1 என்பது 1. அங்கிருந்து நாளை எண்ணிக்கொண்டே வரும். ஆகவே 3.4.2024 என்பது 45385 ஆனது. அதைத் தேதியாகக் காட்டச் சொல்வதற்குள் சார் எட்டிப் பார்த்துவிட்டார்.

"யாரு தம்பி 45,385 ரூபா கட்டினது? ரசீது போட்டாச்சா?"

ஒரே ஒரு மாதம் என் பேச்சைக் கேட்டு ஸ்லாஷ் போட்டார். அமெரிக்க லேப்டாப் மாதத்தைத்தான் முதலில் படிக்கும். மார்ச் 5-இல் பணம் கட்டிய மூன்றாம் மாடி அம்மா மே 3-இல் கட்டியதாகி, அவருக்கு அபராத நோட்டீஸ் போய்விட்டது. பதின்மூன்றாவது மாதம் கிடையாதே, அதனால் 13-ஆம் தேதி முதல் கட்டியவர்கள் எழுத்தாகவே நின்று தப்பித்தார்கள். அந்த அம்மா கீழே இறங்கி வந்து பேசியதை நான் இங்கே எழுத முடியாது.

"பார்த்தீங்களா? புள்ளி வச்சிருந்தா இந்த வம்பு உண்டா?" என்றார் சார். பதில் சொல்ல எனக்கு வாயில்லை.

லேப்டாப்பை நம் ஊர்ப் பழக்கத்துக்கு மாற்றி, தேதியைத் தவிர எதையும் ஏற்காதபடி அந்தப் பத்திக்கு டேட்டா வேலிடேஷன் போட்டு வைத்தேன். சார் அசரவில்லை. வேறொரு ஷீட்டில் புள்ளியோடு அடித்து, காப்பி செய்து, கொண்டுவந்து ஒட்டிவிட்டார். ஒட்டினால் அந்தக் காவல் செல்லாது என்பது எக்செலில் ஊறியவர்களுக்கே சட்டென்று தோன்றாது. இவ்வளவு தெரிந்த மனிதருக்கு ஒரு ஸ்லாஷ் போடுவதில் என்ன கஷ்டம்?